நம்ம ஆளுங்க எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள்?

பேனர் அடிக்க வருகிற வியாபாரிகளிடம் "இது யாருக்கு?" என்று கேட்டால் ஜொகூரின் ஸ்கூடாயில் இரண்டே பதில்தான் கிடைக்கும். ஒன்று, "எல்லாருக்கும்தான்கா." இன்னொன்று, "நம்ம ஆளுங்களுக்கு." தாமான் ஊங்கு துன் அமினாவில் அச்சுக்கடை வைத்திருக்கிறவள் நான். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கடைப் பலகை, தீபாவளிக்குத் தீபாவளி தள்ளுபடி பேனர் என்று எங்கள் மை படாத இந்தியர் கடை இந்த வட்டாரத்தில் குறைவு. இரண்டில் எந்தப் பதிலைச் சொன்னாலும் பேனரை அடித்துக் கொடுத்துவிடுவேன். அது என் பிழைப்பு. ஆனால் போன வருடம் திறப்பு விழா பேனர் வாங்கிப் போன அதே கடைக்கு, "கடை வாடகைக்கு விடப்படும்" என்று எழுதித் தரச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் வந்து நிற்கும்போது மனசு ஆறுவதில்லை.

"எல்லாருக்கும்" என்கிறவரோடு எனக்குத் தகராறு இல்லை. அவர் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாத வாடகை கைக்காசிலிருந்து போனதும் தானாக யோசிப்பார். ஆபத்தான பதில் இரண்டாவது. "நம்ம ஆளுங்க" என்று வாய் சொன்னதும் ஏதோ யோசித்து முடித்துவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. பலகையில் ஒரு குத்துவிளக்கு, ஒரு மயில், மஞ்சள் எழுத்து. மலாய் எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், வாசகத்தை டேவான் பஹாசா பார்த்துச் சரி சொல்ல வேண்டும், இஸ்கந்தர் புத்ரி மாநகர் மன்றத்தில் உரிமம் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது மட்டும் முகம் சுருங்கும். மற்றபடி, கடைக்கு யார் வரப்போகிறார்கள் என்கிற கேள்வி அந்த மயிலோடு முடிந்துவிடும்.

முதலில் தலைக்கணக்கு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. ஜொகூர் மாநிலத்தில் மொத்தமே சுமார் 40 லட்சம் பேர். கடைவாசலில் நூறு பேர் நடந்தால் நம்மவர் ஏழு பேர் தேறினால் அதிகம். அந்த ஏழு பேரும் ஒரே மாதிரி ஆட்கள் என்றாலாவது பரவாயில்லை.

எங்கள் வரிசை வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிங்கப்பூரின் துவாஸில் வேலை செய்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்தில்தான் தெருவே புரண்டு படுக்கும். எதிர்வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். மாதம் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் சம்பளம் ஏறிவிடும், மத்தியானத்துக்கு மேல் வீட்டில் இருப்பார்கள். மூலை வீட்டுப் பாட்டி ரினி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இன்று முத்தியாரா ரினி என்கிற குடியிருப்பாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் மிச்சமிருக்கிறது. பாட்டி வாங்குவது வெற்றிலை, விபூதி, முட்டிவலித் தைலம். தாமான் யுனிவர்சிட்டி பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் யூடிஎம் பல்கலைக்கழக மாணவர்கள் கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள். கல்விக்கடன் பணம் விழுந்த வாரம் பிரியாணி, விழாத வாரம் மேகி. பருவ விடுமுறை விட்டால் ஒரு பிள்ளையைக்கூடத் தெருவில் காண முடியாது. நம் உணவகங்களில் பரிமாறும் தம்பிகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு ஓய்வே இரவு பதினொன்றுக்கு மேல்தான். சனிக்கிழமை வந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கப்பூர்த் தமிழர்கள். ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், காரைக் கழுவக் கொடுத்துவிட்டு வாழை இலையில் சாப்பிடுவார்கள்.

இத்தனை பேரும் தமிழர்கள்தான். ஒரே விளம்பரத்தை வைத்து இவர்களில் இரண்டு வகைக்கு மேல் யாரையும் கடைக்குள் இழுக்க முடியாது என்று நான் பந்தயம் கட்டுவேன். வாடிக்கையாளர் என்ன இனம் என்பது அவர் பெயரைக் கேட்டாலே தெரிந்துவிடும். அவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார், எந்தத் தேதியில் கையில் பணம் புரள்கிறது, எந்த நாள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து இருக்கிறார்கள் என்பதை மெனக்கெட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பொருள் வாங்குவதைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான் என்பது என் கட்சி.

கொஞ்ச காலத்துக்கு முன் பசியாறல் விற்கிற ஓர் அக்கா பேனர் கேட்டு வந்தார். சாலையோரம் மேசை போட்டு நாசி லெமாக், இடியாப்பம், தோசை, வடை விற்கிறவர்.

"யாருக்குக்கா விக்கிறீங்க?"

"வேலைக்குப் போற பிள்ளைங்களுக்குத்தாம்மா. சிங்கப்பூருக்குப் போறதுங்க. நம்ம ஆளுங்கதான் நிறைய."

"எத்தனை மணிக்கு மேசை போடுவீங்க?"

"ஏழு மணிக்கெல்லாம் போட்டுருவேன்."

"அவங்க எத்தனை மணிக்குப் போறாங்க?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த மகன் நாலேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவன். ஏழு மணிக்கு அவன் துவாஸில் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பான். மகனுக்குக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் இந்த அம்மா மூன்று மணி நேரம் கழித்து "சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்காக" மேசை போட வந்திருக்கிறார்.

அவர் நேரத்தை மாற்றினார். சும்மா மாற்றினால் போதவில்லை. நாலு மணிக்கு நிற்கிற மோட்டார் சைக்கிள்காரன் இன்ஜினை அணைப்பதில்லை. ஹெல்மெட்டையும் கழற்றுவதில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொள்கிறான். தோசையும் சட்னியும் சாம்பாரும் அவனுக்கு ஆகாது. சில்லறை எண்ண நேரமில்லை. அதனால் தோசை போயிற்று. நாசி லெமாக் பொட்டலமும் ஐஸ் போடாத காப்பிப் பொட்டலமும் சேர்த்து ஐந்து ரிங்கிட், ஒரே நோட்டு, மிச்சம் கொடுக்கும் வேலையில்லை. காப்பிப் பையின் கயிற்றை ஹாண்டிலில் மாட்டுவதற்கு வாகாக நீளமாகக் கட்டுகிறார். மழைக் காலத்தில் வியாபாரம் படுத்துவிடுகிறது. விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடையோடு போட்டியும் இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து எழுந்து அக்காவின் முட்டி தேய்ந்துவிட்டது என்று புலம்பலும் உண்டு. எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற ஹெல்மெட்டுகளில் பாதிக்கு மேல் மலாய்க்காரப் பிள்ளைகள். "நம்ம ஆளுங்க" என்று ஏழு மணிக்குக் காத்திருந்தபோது வராத கூட்டம் அது.

1924இல் திறந்த உட்லண்ட்ஸ் பாலத்தையும் 1998இல் திறந்த துவாஸ் பாலத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இரு பக்கமும் கடக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கு மேல். அந்தப் பணத்தைப் பார்த்துத்தான் இங்கே பலர் கடை போடுகிறார்கள். அதைச் சம்பாதிக்கிற மனிதனுக்குக் காசைவிட நேரம்தான் பஞ்சம் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. ராத்திரி ஒன்பதுக்கு வீடு திரும்புகிறவனுக்காகக் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறரைக்கு மூடுகிற கடைகள் எங்கள் வரிசையிலேயே மூன்று உண்டு.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையும் அல்ல. தோட்டத்துக் கடைக்காரருக்கு எந்த வீட்டில் எத்தனை வாய், யார் எந்தப் பிரட்டுக்குப் போகிறார், சம்பளம் என்றைக்கு, முன்பணம் என்றைக்கு என்று எல்லாம் மனப்பாடம். கணக்குப் புத்தகத்தில் கடன் எழுதிக் கொடுத்ததே அந்தத் தேதிகளை நம்பித்தான். தோட்டம் துண்டாடப்பட்டு நாம் தாமானுக்கு வந்தபோது தட்டுமுட்டுச் சாமான்களோடு சாமியையும் பள்ளியையும் கொண்டுவந்தோம். அந்தக் கணக்குப் புத்தகத்தின் புத்தியை மட்டும் எங்கேயோ விட்டுவிட்டோம்.

தமிழ்நாட்டில் இதே புத்தியை வைத்துப் பெரிய ஆளானவர்கள் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று கண்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலை விட்டு விலகி, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். இன்று கவின்கேர் என்று அறியப்படும் நிறுவனம் அதுதான். பாட்டில் ஷாம்பு வாங்குகிறவர் பணக்காரர், சீயக்காய் தேய்க்கிறவர் ஏழை என்றுதான் மற்றவர்கள் சந்தையைப் பிரித்து வைத்திருந்தார்கள். கூலி அன்றாடம் கைக்கு வருகிறவரால் ஒரு மாதத்துக்கான ஷாம்புவை ஒரே நாளில் வாங்க முடியாது. ஒரு தலைக் குளியலுக்கு வாங்க முடியும். ஐம்பது காசுக்கு ஒரு பாக்கெட். கிராமங்களுக்குப் போய் பள்ளிக்கூடப் பையன்கள் தலையில் ஷாம்பு போட்டுக் காட்டினார்கள், காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் புதிது கொடுத்தார்கள். வாங்குகிறவருக்குப் பணம் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று பார்த்துப் பொருளை வெட்டிய கதை இது. அமெரிக்காவில் வெண்டல் ஸ்மித் என்பவர் 1956இல் சந்தையைப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதி, அதிலிருந்து வணிகக் கல்லூரிகளில் அது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. கடலூர்க்காரர்கள் அதைப் படித்திருந்தார்களோ இல்லையோ, பாக்கெட் விற்றது.

இனி ஜொகூருக்கே உரிய ஒரு விஷயம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு இது புரியாது.

2014 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது. அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் அதைப் பின்பற்றின. தனியார் நிறுவனங்கள் பலவும் சனி, ஞாயிறையே வைத்துக்கொண்டன. சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி. ஆசிரியை அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு, அன்றைக்கு அப்பா துவாஸில். குடும்பம் மொத்தமாகச் சேர்ந்திருக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றே ஒன்று. பதினோரு வருடம் இப்படி ஓடியது.

வியாபாரி கண்ணால் இதைப் பாருங்கள். புடவை, பள்ளிச் சீருடை, நகை எல்லாம் குடும்பமாக வந்து பார்த்து, இரண்டு பேர் வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்குகிற சாமான்கள். அவற்றுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் நாள். முடிவெட்டு, மோட்டார் சைக்கிள் டயர், வன்பொருள், கார் கழுவுவது இவையெல்லாம் ஆண் தனியாக வந்து முடிக்கிற வேலைகள். அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை காலை அம்மாவும் பிள்ளைகளும் மட்டும். டியூஷன், பல் டாக்டர், கோயில். நான் அச்சடித்த பத்திரிகைகளிலேயே அது தெரிந்தது: முகூர்த்தம் எந்த நாளில் வந்தாலும் விருந்தைச் சனிக்கிழமை இரவுக்குத் தள்ளினார்கள்.

2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது, 2025 ஜனவரி 1 முதல் மறுபடியும் சனி, ஞாயிறு என்று. கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக் கதவில் ஒட்டுகிற நேர ஸ்டிக்கர் இருக்கிறதே, திறக்கும் நாள், மூடும் நேரம் எழுதியது, அதை மாற்ற என்னிடம் வந்தவர்கள் யார் தெரியுமா? டியூஷன் சென்டர்காரர்கள் வந்தார்கள், கிளினிக்குகள் வந்தன, ஒரு பாலர் பள்ளி வந்தது. துணிக்கடை, நகைக்கடை, மளிகை, பூஜைச் சாமான் கடை, ஒருத்தர்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை "கூட்டம் இருக்காது" என்று பாதி நாள் மூடியிருந்த ஒரு கடை, ஊரே ஞாயிற்றுக்கிழமை வெளியே சுற்றத் தொடங்கிய பிறகும் பல மாதம் பாதி நாள் மூடியே கிடந்தது. கேட்டால், "நம்ம ஆளுங்க எப்படியும் தேடி வருவாங்கக்கா" என்கிறார் முதலாளி. அவர்கள் தேடித்தான் போனார்கள், சூத்ரா மாலுக்கும் பாரடைம் மாலுக்கும்.

எதிர்மாறான ஆள் ஒருவரும் எனக்குத் தெரியும். சைவ உணவகம் நடத்துகிறார். அவருடைய கல்லாவுக்குப் பின்னால் முருகன் படம் போட்ட தமிழ்க் காலண்டருக்குப் பக்கத்தில் சீனர்களின் தினசரிக் காலண்டர் தொங்கும், நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிறது. "இது எதுக்கு அண்ணே, தாள் நல்லா இருக்குன்னா?" என்று கேட்டேன். பேனாவால் வட்டம் போட்டிருந்த தாள்களைக் காட்டினார். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும். அந்த இரண்டு நாளும் சீனக் குடும்பங்களில் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். அதிலும் பௌத்த விரதம் இருப்பவர்கள் வெங்காயம், பூண்டு தொடுவதில்லை. அதனால் அன்றைக்கு மட்டும் நான்கு கறிகளை வெங்காயம் பூண்டு இல்லாமல் தனிப் பாத்திரத்தில் சமைக்கிறார், கரண்டியும் தனி. மாமிமார்கள் தூக்குச் சட்டி கொண்டுவந்து வாங்கிப் போகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு நம்மவர்கள். மாதம் இரண்டு நாள் சீனர்கள். யூடிஎம் பக்கமிருந்து வரும் வட இந்திய மாணவர்கள் சிலர். நோன்பு மாதத்தில் மத்தியானக் கூட்டம் குறையும் என்று அந்த மாதம் சோற்றுப் பானையைச் சின்னதாக்கிவிடுவார். அவர் பலகையில் மயில் இல்லை. எழுத்து மூன்று மொழியிலும் இருக்கிறது. மூன்றிலும் பெரிதாக இருப்பது 'சைவம்' என்பதுதான்.

அண்மையில் ஒரு தம்பி வந்தார், கையால் செய்யும் முறுக்கும் அதிரசமும் விற்கிறவர். ஃபேஸ்புக்கில் பணம் கட்டி விளம்பரம் போட்டாராம், ஆயிரக்கணக்கில் பார்த்தார்களாம், ஆர்டர் மட்டும் வரவில்லையாம். போனை வாங்கிப் பார்த்தேன். வயது 18 முதல் 65க்கு மேல் வரை. இடம் மலேசியா. அலோர் ஸ்டாரில் இருக்கிற ஒருவர் இவருடைய அதிரசத்தைப் பார்த்து லைக் போட்டிருக்கிறார், பாவம், அவரும் என்ன செய்வார். ஆயிரம் பேருக்குத் தெரிவதைவிட, எதிரே இருக்கிற அடுக்குமாடியில் இருபது வீட்டுக்குத் தெரிந்தால் இவருக்குப் போதும். விளம்பரம் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் எண்ணிக்கையைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்தத் தொழில்மீது பொறாமைதான். நான் பேனர் அடித்தால் அது நிற்கிற இடமாவது கண்ணுக்குத் தெரியும்.

கடன் கேட்கப் போகிறவர்கள் என்னிடம் நகல் எடுக்க வருவார்கள். தெக்குன் நேஷனலின் ஸ்புமி கடனுதவி நம் சமூகத்தின் சிறு வியாபாரிகள் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாள்களோடு வைக்கிற வணிகத் திட்டத்தில் வாடிக்கையாளர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் எத்தனை பேர் "இந்திய சமூகம்" என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது நகல் எடுக்கிற எனக்குத்தான் தெரியும். முதல் வருகிறது, அந்த முதலை யாரிடமிருந்து மீட்கப் போகிறோம் என்கிற பக்கம் காலி.

நான் இப்படிப் பேசினால் சிலருக்குக் கோபம் வருகிறது. நம்மவரிடம் நாம் வாங்காமல் யார் வாங்குவது என்கிறார்கள். 2019இல் முஸ்லிம்களின் பொருளையே முதலில் வாங்குவோம் என்று ஓர் இயக்கம் கிளம்பியபோது நம் கடைக்காரர்கள் பதறினார்கள், அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பதிலாக நாமும் "இந்தியரிடமே வாங்குவோம்" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டோம். அந்தப் படத்தைப் போஸ்டராக அடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி, காசு வாங்கிக்கொண்டுதான். இனப் பாசத்தில் ஒருவர் ஒரு முறை வருவார். இரண்டாவது முறை வருவதற்குப் பொருளும் நேரமும் பொருந்த வேண்டும். பாபாஸ் மசாலா மலாய் வீட்டுச் சமையலறையிலும் சீன வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. மாமாக் கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த தொழில் அது. அவர்கள் இனத்தைப் பார்த்துக் கடை திறந்திருந்தால் ஊருக்கு ஒன்றுகூடத் தேறியிருக்காது. தூக்கம் வராத மாணவன், ஷிஃப்ட் முடிந்த பாதுகாவலர், பந்து விளையாட்டு பார்க்க வீட்டில் அனுமதியில்லாத கணவன், நோன்புக்குச் சஹூர் சாப்பிட வருகிறவர் என்று இரவில் விழித்திருக்கிறவர்கள் எல்லாரையும் அவர்கள் தங்கள் வாடிக்கையாளராக எடுத்துக்கொண்டார்கள்.

தமிழர்களுக்கு மட்டுமே விற்கிற கடை இருக்கக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பூஜைச் சாமான் கடை இருக்கிறது, தாலி செய்கிற ஆசாரி இருக்கிறார், சடங்குக்கு வாடகைச் சாமான் கொடுப்பவர் இருக்கிறார். இவர்களுக்கு வேறு ஆள் கிடையாது. இவர்கள்தான் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்: நம்மவரில் யார்? மூலை வீட்டுப் பாட்டியா, சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டிய சிங்கப்பூர்ப் பெண்ணா? ஜாக்கெட் தைக்கிற ஒரு டெய்லரம்மா தன் அட்டையில் விலையைப் போடச் சொல்லவில்லை. "இந்தச் சனி கொடுத்தால் அடுத்த சனி கையில்" என்று மட்டும் போடச் சொன்னார். பாலத்தில் மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து வருகிறவளுக்கு ஐந்து ரிங்கிட் குறைத்துக் கொடுப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, சொன்ன தேதியில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. சொன்ன சொல் தவறாமல் கொடுக்கிறார், கூட்டம் நிற்கிறது.

இப்போது எல்லார் வாயிலும் சிங்கப்பூரோடு இணைக்கிற புக்கிட் சாகார் ரயில்தான். திட்டப்படி நடந்தால் 2027 தொடக்கத்துக்குள் ஆர்டிஎஸ் என்கிற அந்த ரயில் ஓட ஆரம்பித்திருக்கும். நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு பக்கம் பத்தாயிரம் பேர். சிங்கப்பூர்க்காரர்களை வரவேற்று பேனர் அடிக்க இப்போதே ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. எனக்கு லாபம்தான், ஆனாலும் கேட்கிறேன்: புக்கிட் சாகார் இருப்பது ஜொகூர் பாரு நகர மையத்தில். ஐந்து நிமிடத்தில் அங்கே வந்து இறங்குகிறவர் எதற்காக இன்னொரு பஸ் பிடித்து ஸ்கூடாய் வரைக்கும் வரப்போகிறார்? ரயில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை என்று சொல்லியிருக்கிறார்கள். நாலு மணிக்குக் கிளம்புகிற என் பக்கத்து வீட்டுக்காரர் ஆறு மணி ரயிலுக்காகக் காத்திருக்க முடியாது. அவர் மோட்டார் சைக்கிளில்தான் போவார், அக்காவின் நாசி லெமாக் தப்பித்தது. ஆனால் அலுவலக நேரத்தில் வேலை செய்கிறவர்கள் ரயிலுக்கு மாறினால், ஒன்பது மணிக்கு வீடு திரும்பியவர் ஏழரைக்கோ எட்டுக்கோ திரும்பக்கூடும். ஸ்கூடாய்க் கடைகளுக்கு வரப்போகிற புது வாடிக்கையாளர் சிங்கப்பூரிலிருந்து இறங்கப் போவதில்லை. நம் தெருவிலேயே குடியிருந்து இதுவரை கடை மூடிய பிறகே வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆள் அவர். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் முடி வெட்டுவாரா, பிள்ளையை டியூஷனுக்கு அழைத்துப் போவாரா, உடற்பயிற்சிக்குப் போவாரா, சாப்பிட்டுத் தூங்குவாரா என்று இன்றைக்கு யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எண்ணிப் பார்க்கலாம். இங்கே உள்ள இந்தியர் வர்த்தக சங்கங்கள் ஆண்டு விருந்துக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் எடுத்து, ரயில் ஓடத் தொடங்கிய முதல் மாதம் ஸ்கூடாயின் பெரிய பஸ் நிறுத்தங்களில் ஆள் உட்கார வைக்கட்டும். எத்தனை மணிக்கு எத்தனை பேர் இறங்குகிறார்கள், கையில் என்ன பை இருக்கிறது, நேரே வீட்டுக்குப் போகிறார்களா, எங்காவது நிற்கிறார்களா. ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சனிக்கிழமை, பிறகு சம்பளம் வந்த மறுநாள். நாற்காலி என் கடையில் இருக்கிறது, நோட்டுப் புத்தகமும் நானே அச்சடித்துத் தருகிறேன். உட்கார்ந்து எழுத யூடிஎம் பிள்ளைகளைக் கேட்டால் வருவார்கள். பருவ விடுமுறைக்கு முன்னால் கேட்க வேண்டும்.